ஒரு லட்ச ரூபாய் போனிலும் கழுவேலி பறவை ஏன் புள்ளியாகத் தெரிகிறது? செல்போனா, கேமராவா... எங்கே எது கைகொடுக்கும்?

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் பக்கம் கிளம்பி கழுவேலி ஏரிக்கரையில் போய் நின்று பாருங்கள். வலசை வந்த பறவைகள் தண்ணீரில் கூட்டம் கூட்டமாக இருக்கும். கூடவே கரையில் ஒரு கூட்டம், கையில் செல்போனோடு. திரையில் இரண்டு விரலை வைத்து இழுத்து, 10 எக்ஸ், 30 எக்ஸ் என்று ஜூம் போட்டு எடுப்பார்கள். எடுத்த படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கும். பறவை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. கால் எது, கழுத்து எது என்றே தெரியாது.

"போன மாசம் தங்கச்சி கல்யாணத்துல இதே போன்ல எடுத்த படமெல்லாம் சூப்பரா இருந்துச்சே, இங்க மட்டும் ஏன் இப்படி?"

நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஒரு கல்யாணம் என்றால், "மாமா பையன்கிட்ட நல்ல போன் இருக்கு, எதுக்கு ஸ்டுடியோவுக்கு தனியா கொடுக்கணும்?" என்ற பேச்சு இப்போது எல்லா வீட்டிலும் எழுகிறது. மகளுக்கு கேமரா வாங்கித் தருவதா, நல்ல போனாக வாங்கித் தருவதா என்று கணக்குப் போடும் அப்பாக்களும் உண்டு. தாலி கட்டும் நேரம் ஒருமுறைதான். அந்தப் படம் சொதப்பினால் ரீடேக் கிடையாது. அதனால் எந்த இடத்தில் போன் போதும், எந்த இடத்தில் போதாது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம்.

பூநாரை கணக்கு

கழுவேலியிலிருந்தே தொடங்கலாம். விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த உவர்நீர் ஏரியை 2021 டிசம்பரில் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மாநிலத்தின் 16-வது பறவைகள் சரணாலயம். பரப்பு 5,000 ஹெக்டேருக்கும் மேல். அதாவது பறவை நம் பக்கத்தில் வந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அதற்கு இடம் இருக்கிறது.

ஒரு பூநாரை 200 மீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் உயரம் ஏறக்குறைய 1.3 மீட்டர். விலை உயர்ந்த போன்களில் இருக்கும் 5 எக்ஸ் ஜூம் லென்ஸ் (கேமரா பாஷையில் 120 எம்எம்) அந்தத் தூரத்தில் மேலிருந்து கீழாக 43 மீட்டர் உயரமுள்ள காட்சியைப் பிடிக்கும். 12 மெகாபிக்சல் படத்தில் மேலிருந்து கீழாக 3,000 பிக்சல்கள். அதில் பூநாரைக்குக் கிடைப்பது சுமார் 90 பிக்சல். அதற்குள் அலகு, கண், இறகு எல்லாம் அடங்க வேண்டும்.

இதே இடத்தில் 600 எம்எம் லென்ஸ் மாட்டிய ஃபுல் ஃபிரேம் கேமரா இருந்தால்? காட்சியின் உயரம் 8 மீட்டர்தான். 24 மெகாபிக்சல் படத்தில் 4,000 பிக்சல் உயரம் இருக்கும். பூநாரைக்கு 650 பிக்சல். ஏழு மடங்கு. கண்ணில் விழும் ஒளிப்புள்ளிகூடத் தெரியும்.

"அப்போ 30 எக்ஸ், 100 எக்ஸ்னு போட்டிருக்கே, அது என்ன?" அதில் பெரும்பகுதி வெட்டிப் பெரிதாக்குவது. இருக்கும் 90 பிக்சலை இழுத்து 600 ஆக்கிக் காட்டுகிறது. நடுவில் உள்ள இடைவெளியை மென்பொருள் தானாக ஊகித்து நிரப்புகிறது. இல்லாத இறகு எப்படி வரும்?

இன்னொரு அளவையும் பாருங்கள். 600 எம்எம், எஃப் 6.3 லென்ஸில் வெளிச்சம் நுழையும் வாசலின் விட்டம் சுமார் 95 மில்லிமீட்டர். போனின் 5 எக்ஸ் லென்ஸில் அது சுமார் ஐந்தரை மில்லிமீட்டர். ஒன்று குடத்தின் வாய், இன்னொன்று சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. எந்த மென்பொருளும் அந்த வாசலை அகலமாக்க முடியாது.

மெகாபிக்சல் அதிகம் என்றால் படம் நல்லா இருக்குமா?

கடையில் போன் வாங்கும்போது முதலில் கேட்பது இதைத்தான். "50 மெகாபிக்சலா? 200 மெகாபிக்சலா?" உண்மையில் அந்த எண்ணைவிட முக்கியமானது சென்சார் எவ்வளவு பெரியது என்பது. சென்சார் என்பது பழைய கேமராவில் ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் சிப். வெளிச்சம் அதில்தான் விழுகிறது.

ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். ஸ்டுடியோக்காரர்கள் அதிகம் வைத்திருக்கும் ஏபிஎஸ்-சி வகை கேமராவில் அது 330 முதல் 370 வரை. விலை உயர்ந்த போனின் பிரதான கேமராவில் பெரும்பாலும் 70 சதுர மில்லிமீட்டர் சுற்றுவட்டாரம். அதே போனின் ஜூம் கேமராவில் இன்னும் சிறியது.

மழை பெய்யும்போது முற்றத்தில் அண்டா வைப்பதற்கும் டம்ளர் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். நன்றாக மழை கொட்டினால் டம்ளரும் நிறைந்துவிடும், அண்டாவும் நிறைந்துவிடும். தூறல் என்றால் அண்டாவில்தான் குடிக்கிற அளவுக்காவது தண்ணீர் சேரும். வெயிலில் போன் படமும் கேமரா படமும் ஒன்று போலவே தெரிவதற்கும், இருட்டில் இரண்டும் பிரிந்துபோவதற்கும் இதுதான் அடிப்படைக் காரணம். வேகமும் லென்ஸ் திறப்பும் ஒரே அளவாக இருந்தால், ஃபுல் ஃபிரேம் சென்சாரில் விழும் மொத்த வெளிச்சம் போனைவிட ஏறக்குறைய 12 மடங்கு.

200 மெகாபிக்சல் போன்கள்கூட வழக்கமாக 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் கொடுக்கின்றன. காரணம், தனித்தனியாக விட்டால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் வெளிச்சம் போதாது. விளம்பரத்தில் 200 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த 12 கொட்டை எழுத்தில் வராது.

அப்படியென்றால் போன் படம் எப்படி இவ்வளவு நல்லா வருது?

போன் ஒரு படம் எடுப்பதில்லை. நீங்கள் பட்டனைத் தொடுவதற்கு முன்பே தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்கும். தொட்டதும், அவற்றில் பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டான பகுதியை ஒன்றிலிருந்தும் வெளிச்சமான பகுதியை இன்னொன்றிலிருந்தும் எடுத்து, ஒரே படமாகச் சேர்க்கிறது. கூகுள் 2018-ல் பிக்சல் போன்களில் 'நைட் சைட்' கொண்டுவந்த பிறகு இருட்டிலும் இந்த வித்தை பரவலானது. சிறிய சென்சாரின் குறையைக் கணக்குப் போட்டு ஈடுகட்டுகிறது போன்.

இது கைகொடுக்கும் இடங்கள் இந்த மாவட்டத்திலேயே உண்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு குடைவரைக் கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்காகக் குடைந்ததாக மகேந்திரவர்ம பல்லவனின் கல்வெட்டு சொல்லும் கோயில். வெளியே சுட்டெரிக்கும் வெயில், உள்ளே மங்கல். சாதாரணமாக கேமராவை ஆட்டோவில் போட்டு எடுத்தால் ஒன்று பாறை முகப்பு வெளுத்துப்போகும், இல்லையென்றால் உள்ளே கறுப்பாகப் போய்விடும். போன் அதே இடத்தில் இரண்டையும் காட்டிவிடும். கேமராவிலும் இதைச் செய்யலாம்தான். 'ரா' ஃபைலாக எடுத்து, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். சுற்றுலா போன எத்தனை பேர் அப்படி உட்காருவார்கள்?

செஞ்சிக் கோட்டையிலும் இதே நிலைதான். மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகள் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. தமிழகத்திலிருந்து செஞ்சி மட்டும். அதன்பிறகு ராஜகிரி ஏறிப் படம் எடுத்துப் போடுவது இன்னும் கூடியிருக்கிறது. சுமார் 800 அடி உயரம், படிக்குப் படி மூச்சு வாங்கும். பறவை லென்ஸோடு கேமரா என்றால் இரண்டரை, மூன்று கிலோ. போன் 200 கிராம் சொச்சம். கல்யாண மஹால், களஞ்சியம், மதில் சுவர் எல்லாம் அசையாமல் நிற்கின்றன, வெளிச்சமும் தாராளம். இங்கே போனே போதும். மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் சாதாரணமாகப் படம் எடுக்கத் தடையில்லை. ஆனால் டிரைபாட் ஸ்டாண்டு வைக்க முன்அனுமதி வேண்டும். கேமராவோடு போய் வாசலில் ஸ்டாண்டைக் கொடுத்துவிட்டு ஏறுவதைவிட, போனோடு போவது நிம்மதி.

போன் காட்டுவது எல்லாம் உண்மையா?

கணக்குப் போட்டு ஈடுகட்டுவதில் ஒரு சிக்கலும் உண்டு. 2023 மார்ச்சில் இணையத்தில் ஒருவர் ஒரு சோதனை செய்தார். நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் போட்டு, அதை சாம்சங் போனால் ஜூம் செய்து எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் போன் எடுத்த படத்தில் வந்திருந்தன. பெரிய விவாதம் ஆனது. நிலாவை அடையாளம் கண்டதும் செயற்கை நுண்ணறிவு மூலம் விவரங்களைக் கூட்டிக் காட்டும் வசதி தங்கள் போனில் இருக்கிறது என்றும், விரும்பாதவர்கள் அதை நிறுத்தி வைக்கலாம் என்றும் அந்த நிறுவனம் விளக்கம் சொன்னது.

நிலாவுக்கு நடப்பது முகத்துக்கும் கொஞ்சம் நடக்கிறது. பல போன்களில் 'பியூட்டி' வசதி நாம் கேட்காமலே போட்டே வைத்திருக்கும். தோலை வழவழவென்று ஆக்கி, நிறத்தையும் ஒரு படி வெளுப்பாக்கிவிடும். நம்ம ஊர் கறுப்பு நிறத்தில் பெண் வெயிலில் நின்று எடுத்த படம், எங்கோ ஊர் மாடல் மாதிரி வந்து நிற்கும். பாட்டியின் முகச் சுருக்கம் காணாமல்போகும். சிலருக்கு இது பிடிக்கிறது, பிடிக்கட்டும். இருபது வருஷம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது பாட்டி பாட்டியாக இருக்க வேண்டும் என்றால், முதலில் செட்டிங்ஸில் போய் அதை அணைத்து வையுங்கள்.

கல்யாண மண்டபத்தில் என்ன நடக்கிறது?

இப்போது பணம் செலவாகும் இடத்துக்கு வருவோம். பெண் அழைப்பு, ரிசப்ஷன் எல்லாம் ராத்திரி. முகூர்த்தம் பெரும்பாலும் விடிகாலை நாலரை, ஆறு. ஆக முக்கியமான நேரம் எல்லாமே வெளிச்சம் குறைந்த நேரம். மேடையில் அலங்கார விளக்கு எவ்வளவு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு சென்சாருக்கு அது வெளிச்சம் இல்லை.

அதோடு ஹோமப் புகை, அட்சதை மழை, தாலி கட்டும் கை. எல்லாம் அசைகிறது. போன் இருட்டில் பல படங்களைச் சேர்க்கும் என்று பார்த்தோம். சேர்க்க வேண்டுமென்றால் எதிரில் இருப்பது அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் கை இரண்டாகத் தெரியும், அல்லது குழைந்துபோகும். பெரிய சென்சாரும் எஃப் 1.8 அல்லது 2.8 லென்ஸும் இருந்தால் விநாடியில் 200-ல் ஒரு பங்கு நேரத்தில் ஒரே படமாகப் பிடித்து நிறுத்தலாம். பறந்து வரும் அரிசிகூட அரிசியாகவே நிற்கும்.

பிறகு ஃபிளாஷ். ஸ்டுடியோக்காரர் கேமராமேல் வைத்திருக்கும் ஃபிளாஷை நேராக முகத்தில் அடிக்க மாட்டார். மேல்கூரையைப் பார்த்துத் திருப்பி வைப்பார், அல்லது வெள்ளைக் குடையில் பட்டுத் திரும்பி வரச் செய்வார். அந்த வெளிச்சம் மென்மையாக இறங்கும். போனில் இருப்பது சின்ன எல்.இ.டி. விளக்கு. பத்தடி தாண்டினால் அதற்கு வேலை இல்லை.

எல்.இ.டி. என்றதும் இன்னொரு தொந்தரவு. மண்டபத்தில் எடுத்த போன் வீடியோவில் கறுப்புக் கோடுகள் மேலிருந்து கீழே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் போன் சென்சார் படத்தை வரிசை வரிசையாகப் படிப்பதால் மினுக்கல் கோடாகப் பதிந்துவிடுகிறது. போனில் 'ப்ரோ' மோடு இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். புது கேமராக்களில் இதற்கென்றே தனி வசதி உண்டு.

போர்ட்ரெய்ட் மோடு பற்றியும் சொல்ல வேண்டும். பின்னணியை மங்கலாக்கி ஆளை மட்டும் தெளிவாகக் காட்டும் வசதி. கேமராவில் இது லென்ஸால் இயற்கையாக வருகிறது. போனில் எது ஆள், எது பின்னணி என்று மென்பொருள் ஊகித்துக் கத்தரிக்கிறது. சட்டை, பேண்ட் போட்டு நிற்பவரை ஒழுங்காகக் கத்தரித்துவிடும். நம்ம கல்யாணப் பெண்ணிடம்தான் தடுமாறும். காதோரம் தொங்கும் ஜிமிக்கி, ஜடையில் சுற்றிய மல்லிகைச் சரம், நெற்றியில் பறக்கும் முடி எல்லாம் பாதி கரைந்துபோகும். திரையில் பார்க்கும்போது தெரியாது. ஆல்பத்தில் தெரியும்.

ஆல்பம்தான் உண்மையான பரீட்சை. இப்போது பரவலாக அடிக்கும் ஆல்பத்தில் ஒரு பக்கம் 12-க்கு 18 அங்குலம், விரித்தால் 12-க்கு 36. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில், ஒரு பக்கத்தை நிறைக்க 3,600-க்கு 5,400 பிக்சல் வேண்டும். கிட்டத்தட்ட 19 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கேமரா தாராளமாகத் தரும். போனின் 12 மெகாபிக்சல் படம் 13-க்கு 10 அங்குலம் வரைதான் அதே தரத்தில் தாங்கும். அதற்காக பெரிதாக அடிக்கவே முடியாது என்று இல்லை, வெயிலில் எடுத்த படம் என்றால் ஓரளவு சமாளிக்கும்.

ஆனால் போன் படத்தைக் கெடுப்பது பல வீடுகளில் போன் அல்ல, வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப்பக்கம் சுமார் 1,600 பிக்சலாகச் சுருங்கிவிடும். 300 புள்ளித் தரத்தில் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். "ஆல்பத்துல சேர்த்துடுங்கண்ணா" என்று குடும்ப குரூப்பிலிருந்து எடுத்து அனுப்பும் படங்களைப் பார்த்து ஸ்டுடியோக்காரர் தலையில் கை வைப்பது இதனால்தான். 2023-ல் வாட்ஸ்அப்பில் எச்.டி. வசதி வந்துவிட்டது. அதைவிட நல்லது, படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புவது. எடுத்தது எடுத்தபடி போய்ச் சேரும்.

அப்போ ஸ்டுடியோவுக்கே கொடுத்துடலாமா?

கேமரா வைத்திருப்பதாலேயே ஒருவர் நல்ல போட்டோகிராஃபர் ஆகிவிட மாட்டார். ஆனால் காசு கொடுத்து அமர்த்துகிறீர்கள் என்றால், கேமராவின் மாடல் நம்பரைக் கேட்பதைவிட வேறு சில கேள்விகள் கேட்பது உங்களைக் காப்பாற்றும்.

ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதியும் கேமராவா? ஒரு கார்டு செத்துப்போனால் இன்னொன்றில் இருக்கும். மெமரி கார்டு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் செத்துப்போகும் பொருள். தாலி கட்டிய படம் அதோடு போனால், எந்த நஷ்டஈடும் அதைத் திருப்பித் தராது. படங்களை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள்? ஆல்பம் மட்டும்தானா, ஒரிஜினல் ஃபைல்கள் பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ கிடைக்குமா? இதை முன்பணம் கொடுக்கும்போதே பேசி எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் பேச்சு தடிக்கும்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் பிரித்துக்கொள்ளலாம். முகூர்த்தம், குடும்பத்தோடு நிற்கும் குரூப் படம், இரண்டுக்கும் கேமரா. மாப்பிள்ளை அழைப்பில் சித்தப்பா ஆடுவது, பந்தியில் பாயசம் ஊற்றுவது, மணமகள் அறைக்குள் நடக்கும் கேலி எல்லாம் போன். கேமராவைப் பார்த்ததும் விறைத்துப்போகும் ஆட்கள் போன் முன்னால் சாதாரணமாக இருப்பார்கள். ரீல்ஸ் எடுக்க இப்போது ஸ்டுடியோக்காரர்களே போனோடு ஒரு பையனைத் தனியாக அனுப்புவது வழக்கமாகிவிட்டது.

ஒரே ஒரு வேண்டுகோள், உறவினர்களுக்கு. கெட்டிமேளம் அடிக்கும்போது எழுந்து மேடை முன்னால் போனை நீட்டாதீர்கள். பல ஆல்பங்களில் தாலிக்குப் பதிலாக யாரோ பெரியப்பாவின் போன் திரைதான் பளிச்சென்று இருக்கிறது.

ஊஞ்சலும் இருட்டும்

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஒவ்வொரு அமாவாசை இரவும் ஊஞ்சல் உற்சவம். அம்மன் ஊஞ்சலில் ஆடி வர, கூட்டம் மொத்தமும் கற்பூரம் ஏந்தி நிற்கும். சுற்றிலும் இருட்டு, நடுவில் ஒளி, ஊஞ்சல் நிற்காமல் அசைகிறது, நீங்கள் நிற்பது கூட்டத்துக்குப் பின்னால். தூரம், இருட்டு, அசைவு மூன்றும் சேர்ந்த இடம். போனுக்கு இதைவிடக் கஷ்டமான பரீட்சை இல்லை. வீடியோ எடுங்கள், சத்தத்தோடு சேர்ந்து அது நன்றாக இருக்கும். நிற்கும் படம் வேண்டும் என்றால் கேமரா இல்லாமல் நடக்காது. கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருப்பதால், எந்தக் கோயிலானாலும் உள்ளே போகும் முன் அங்குள்ள விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

புயல் அன்று எந்த கேமரா உதவியது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் ரத்து செய்யப்பட்டன. தென்பெண்ணை பொங்கி ஊர்களுக்குள் புகுந்தது.

அந்த நாட்களில் மொட்டை மாடியிலிருந்தும், இடுப்பளவுத் தண்ணீரிலிருந்தும் வெளியே வந்த காட்சிகள் பெரும்பாலும் செல்போனில் எடுத்தவை. படத்தின் தரம் சுமார்தான், கை நடுங்கியிருக்கும், குறுக்கே மழை. ஆனாலும் எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அந்தப் படத்தால்தான் வெளியே தெரிந்தது. எடுத்த அடுத்த நிமிடம் அனுப்ப முடிந்த கருவி அதுதான்.

இங்கே போனுக்கு இன்னொரு பலமும் உண்டு. இருப்பிட வசதி இயங்கினால், படம் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்பது ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிடும். பெரும்பாலான கேமராக்களில் இருப்பிடம் தானாகப் பதியாது. தேதியே தப்பாக ஓடிக்கொண்டிருக்கும் கேமராக்களும் உண்டு. மூழ்கிய வயல், இடிந்த சுவர் என்று நிவாரணத்துக்காகப் படம் எடுக்கும்போது இது முக்கியம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வரையறுக்கப்பட்ட உள்ளூர் பாதிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கான வழிகளில் செல்போன் செயலியும் ஒன்று. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் இடம், நேரம் பற்றிய தகவல் அழிந்துபோகும். ஒரிஜினலை போனிலேயே பத்திரமாக வையுங்கள்.

ஸ்டுடியோக்கள் என்ன ஆகின்றன?

ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ஃபிலிமும் பேப்பரும் ஒரு காலத்தில் தமிழக ஸ்டுடியோக்களில் புழங்கின. ஒரு ரோலில் 36 படம். எண்ணி எண்ணித்தான் எடுப்பார்கள். அந்த ஆலை மூடிப்போனது. உலகப் பெரு நிறுவனமான கோடக்கே 2012-ல் திவால் மனு கொடுத்தது. டிஜிட்டல் கேமரா வந்து ஃபிலிமை விழுங்கியது, அந்த டிஜிட்டல் கேமராவை போன் விழுங்கியது. ஜப்பானிய கேமரா உற்பத்தியாளர்கள் சங்கத்தின் கணக்குப்படி 2010-ல் 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்குப் போயின. 2023-ல் சுமார் 77 லட்சம். மறுவருடம் கொஞ்சம் ஏறி 85 லட்சத்தைத் தொட்டது.

சின்ன ஊர் ஸ்டுடியோவுக்கு அடி விழுந்தது கல்யாணத்தில் அல்ல, தினசரி வருமானத்தில். பாஸ்போர்ட் சேவா மையத்தில் படம் அங்கேயே எடுத்துவிடுகிறார்கள். ஆதாருக்கும் அப்படித்தான். தேர்வு விண்ணப்பத்துக்கு வேண்டிய படத்தைப் போனிலேயே எடுத்து அளவைக் குறைத்து ஏற்றிவிடுகிறார்கள் பிள்ளைகள். டீக்கடைக்கு மொய் மாதிரி வந்துகொண்டிருந்த சில்லறை நின்றுபோனது. மிச்சம் இருப்பது முகூர்த்த மாதங்களின் வருமானம். ஆடியும் மார்கழியும் வந்தால் வாடகை கையைக் கடிக்கும். அதனால்தான் கல்யாண பேக்கேஜ் விலை ஏறுகிறது. பேரம் பேசுவதற்கு முன் இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

வாங்குவதென்றால் எதை வாங்குவது?

குழந்தைகள், குடும்பம், சுற்றுலா, ரீல்ஸ். இதற்குத்தான் என்றால் கேமராவே வேண்டாம். வாங்கிய கேமரா மூன்றாவது மாதம் பீரோவுக்குள் போய்விடும். நல்ல பிரதான கேமரா உள்ள போன் போதும்.

பறவை, விளையாட்டு, கல்யாண வேலை என்று இறங்குகிறவர்களுக்கு மட்டும்தான் கேமரா. அவர்களுக்கும் ஒரு விஷயம்: காசை பாடியில் கொட்டாதீர்கள், லென்ஸில் போடுங்கள். பெட்டியோடு வரும் 18-55 லென்ஸை மாட்டிக்கொண்டு கழுவேலிக்குப் போனால் போனில் கிடைத்த மாதிரி புள்ளிப் பறவைதான் கிடைக்கும். பாடி பழசாக இருந்தாலும் 400, 600 எம்எம் லென்ஸ் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். ஆனால் அந்த லென்ஸ் பாடியைவிட விலை அதிகம் இருக்கலாம், அதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

ஸ்டுடியோக்கள் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிக்கொண்டிருப்பதால் பழைய டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. கற்றுக்கொள்பவர்களுக்கு அது நல்ல வழி. வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து உள்ளே பாருங்கள். நூல் நூலாக சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நம் பக்கம் இது சீக்கிரமே பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மரக்காணம் உப்பளம் பக்கம் காற்றடிக்கும்போது மட்டும் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். உப்புத்தூள் சென்சாரில் உட்கார்ந்தால் சுத்தம் செய்ய சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டியிருக்கும்.